வீட்டுக் குறையும் அறிந்தவன் கடனும்

ஒரு வீடு கைமாறும்போது அவ்விடத்தில் இருவர் மட்டுமே இருப்பதாக நாம் எண்ணுகிறோம்; விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். உண்மையில் மூன்றாமவர் ஒருவரும் அங்கே நிற்கிறார். வாங்குபவர் துணைக்கு அழைத்து வந்த கொத்தனாராகவோ, பழக்கமான மேஸ்திரியாகவோ, கடன் தரும் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளராகவோ, பெருநகரங்களில் இப்போது கட்டணம் பெற்று வீட்டைச் சோதித்து அறிக்கை தரும் பொறியாளராகவோ அவர் இருக்கலாம். அவருக்கு அந்த வீட்டில் பங்கில்லை. அதன் விலையிலும் உரிமையில்லை. எனினும் அவர் தலையசைத்தால் பத்திரம் எழுதப்படுகிறது. உதட்டைப் பிதுக்கினால் முன்பணம் திரும்பிப் போகிறது. இத்தகையவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? கூலி கொடுத்தவருக்கா, அழைத்து வந்த தரகருக்கா, அல்லது அந்தக் கூரையின் கீழ் நாளை உறங்கப்போகும் பிள்ளைகளுக்கா? இவ்வினாவை மார்க்க நூல்களின் ஒளியில் சற்று ஆராய்ந்து பார்க்க விழைகிறோம்.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. தலைநகர் என்னும் தகுதி வந்ததும் மனைக்கும் வீட்டுக்கும் மவுசு கூடிற்று. வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டுகள் வியர்வை சிந்திய ஒருவர் ஊர் திரும்பிப் புதிதாகக் கட்ட நேரமின்றி, கட்டிய வீடொன்றை வாங்கிக் குடியேறுவது நம் மஹல்லாக்களில் இப்போது சாதாரணமாகிவிட்டது. அவர் முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். பட்டாவையும் மூலப் பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறார். காகிதத்துக்கு இத்துணைக் காவல் வைத்தவர் சுவருக்கு வைத்த காவல் எவ்வளவு? ஒரு வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் அரைமணி நேரம் வீட்டைச் சுற்றி வந்ததோடு சரி. வண்ணம் புதிதாயிருந்தது; மனம் நிறைந்தது.

வீடு தன் நோயை மறைப்பதில் மனிதனைவிடத் தேர்ந்தது. இம்மாவட்டத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசல் மண்ணும் உண்டு. கரிசல் மழையில் ஊறும்போது பருக்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அடித்தளம் ஆழமாக இடப்படாத வீடு அந்த மண்ணோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஏறி இறங்கும். சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் அதன் அடையாளம். பூச்சில் மட்டும் விழுந்த மயிரிழைக் கீறல் வேறு. செங்கல்லையே பிளந்து செல்லும் வெடிப்பு வேறு. அனுபவமுள்ள கொத்தனார் இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிவார். ஐயம் இருப்பின், வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சிமெண்டால் ஒட்டி வைத்துச் சில மாதம் காத்திருப்பதும் உண்டு. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். பழைய மெட்ராஸ் தளவீடுகளில் உத்தரத்தின் நடுப்பகுதி பளபளவென்றிருக்கும். சுவருக்குள் புதைந்த முனையோ ஈரத்தில் உளுத்துக் கறையானுக்கு இரையாகியிருக்கும். சிமெண்டுத் தளமாயின் உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் காரையைக் கீழே தள்ளும். விற்பதற்கு முந்தைய வாரம் அந்த இடத்தைப் பூசி மெழுகி வெள்ளையடித்துவிட்டால் புதியவர் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஓர் அறையில் ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் மேஸ்திரி அந்தச் சுவரைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பொய் சொல்வதில்லை. அவற்றைப் பிடித்திருக்கும் கைதான் சொல்வதா வேண்டாமா என்று தயங்குகிறது.

இவ்விடத்தில் வேறொன்றையும் கூறாமல் செல்ல மனமில்லை. ஒரு வீட்டின் குறைகளை எல்லாரையும்விட நன்கறிந்தவர் அதில் வாழ்ந்த பெண்மணியே. ஐப்பசி மழையில் எந்தச் சுவர் வியர்க்கும், எந்தக் குழாய் அடைக்கும், அடுக்களைத் தளம் எங்கே உள்வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாங்குபவர் வீட்டுப் பெண்களை அழைத்துச் சென்று, அவர்கள் இவர்களோடு அடுக்களையில் அமர்ந்து பேசியிருந்தால், பொறியாளரின் அறிக்கையில் வராத பல செய்திகள் வெளிவந்திருக்கும். ஆனால் வீடு வாங்குவது ஆண்கள் காரியம் என்று நாம் முடிவு செய்துவிட்டோம்; அதனால் நட்டம் நமக்குத்தான்.

நாட்டுச் சட்டம் விற்பவர் வாயைத் திறக்கச் சொல்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவில், தாம் அறிந்ததும், வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளியிட்டாக வேண்டும் என்கிறது. மறைத்தால் அது மோசடியாகும் என்றும் கூறுகிறது. எனினும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் அக்கடமையிலிருந்து நழுவ வழியிருக்கிறது. புதிய அடுக்குமாடிகளுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் ஐந்தாண்டுக் காலம் கட்டுமானக் குறைக்குக் கட்டியவரைப் பொறுப்பாக்குகிறது. தனி ஒருவர் தம் பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்கும்போது அந்தப் பாதுகாப்பும் இல்லை. துணைக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்த மேஸ்திரியைக் குறித்தோ இவ்விரு சட்டங்களும் பேசவில்லை. ஆகவே அவருடைய கடமையை நாம் வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் தம் திருக்கரத்தை நுழைத்தபோது விரல்களில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை அறியாதார் நம்மில் இல்லை. மழை பட்டுவிட்டது என்றான் வணிகன். அதை மேலே வைத்திருக்கலாகாதா, மக்கள் கண்டிருப்பார்களே என்று கேட்டார்கள் நாயகம். ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவனல்லன் என்ற பொருளில் எச்சரிக்கவும் செய்தார்கள். இந்த ஹதீஸை நாம் வணிகனுக்குரிய பாடமாகவே காலங்காலமாக ஓதி வருகிறோம். அதில் பரிசோதகனுக்கும் பாடம் உண்டு. குவியலின் மேற்பரப்பைப் பார்த்துவிட்டு அப்பெருமானார் நகர்ந்துவிடவில்லை. கையை உள்ளே விட்டார்கள். வாசலில் நின்றபடியே வீடு நன்றாயிருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிடும் மதிப்பீட்டாளர் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்.

மூன்றாமவருக்கே நேராக உரிய செய்தி ஒன்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் எடுத்துரைக்கிறார்கள். வாஸிலா இப்னு அஸ்கஃ (ரழி) அவர்கள் சந்தையில் நின்றிருந்தார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலாவின் கவனம் வேறெங்கோ இருந்தது. வாங்கியவர் ஒட்டகத்தை ஓட்டிச் சென்றபின் நினைவு வந்தவராய் அவர் பின்னே ஓடி, இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காகவா என்று வினவினார்கள். பயணத்துக்கென்று அறிந்ததும், அதன் குளம்பில் புண் இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர்ந்து நடக்க அதனால் இயலாதென்றும் கூறினார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் மனம் நொந்தபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மை நாடுவதாக நாயகத்திடம் உறுதி அளித்திருப்பதை வாஸிலா நினைவூட்டினார்கள். குறையை விளக்காமல் விற்பது விற்பவனுக்கு எப்படி ஆகாதோ, அப்படியே அதை அறிந்த எவனும் சொல்லாமலிருப்பதும் ஆகாது என்று தாம் செவியுற்றதையும் அறிவித்தார்கள்.

வாஸிலா கூலி வாங்கியவரல்லர்; யாரும் அவரிடம் ஆலோசனை கேட்கவும் இல்லை. வாங்கியவரின் தேவை என்ன என்று முதலில் கேட்ட நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். இறைச்சிக்கு வாங்கியவருக்கு அந்தப் புண் ஒரு பொருட்டன்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எண்ணுபவருக்கு விரிசல் ஒரு குறையன்று. மூன்று பிள்ளைகளோடு குடியேற வருபவருக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை. கண்டதை மட்டும் அடுக்கிக் கூறாமல், யாருக்காகக் காண்கிறோம் என்பதையும் அறிந்து கூறுவதே நசீஹத். கூலியின்றி நின்ற ஒருவருக்கே இக்கடன் இருக்குமாயின், கூலி பெற்று, ஆலோசனை கூறவென்றே அமர்த்தப்பட்டவருக்கு எவ்வளவு இருக்கும்! ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவராவார் என்பது நபிமொழியின் கருத்து.

இங்கே நம்மவரிடையே நிலவும் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். 'பிறர் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்றல்லவா படித்திருக்கிறோம். மேலும் ஒருவர் வீட்டைக் குறை சொல்வது புறம் பேசுவது ஆகாதா?' என்று பக்தியோடு கேட்பவர்கள் உண்டு. சிலர் உண்மையிலேயே அஞ்சிக் கேட்கிறார்கள். சிலருக்கு அது சௌகரியமான மௌனத்துக்குப் போர்த்திய போர்வை. மறைக்கச் சொன்னது ஒரு மனிதனின் தனிப்பட்ட சறுக்கலை. அதை மறைப்பதால் பிறருக்குத் தீங்கில்லை, அவனுக்கோ திருந்த இடமுண்டு. சுவருக்கு நாணமும் இல்லை, தவ்பாவும் இல்லை. அதன் குறையை மறைத்தால் மற்றொருவர் தலையில் விழுகிறது. புறம் பேசுதல் ஆகுமாகும் ஆறு இடங்களை இமாம் நவவீ (ரஹ்) வகுத்தபோது, முஸ்லிம்களை எச்சரித்து நன்மை நாடுவதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். பெண் கொடுக்க விசாரிப்பவரிடமும், கூட்டு வியாபாரம் செய்ய விசாரிப்பவரிடமும் உள்ளதைச் சொல்லலாம் என்னும்போது, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்குபவரிடம் சொல்லலாகாதென்பது எங்ஙனம் பொருந்தும்? சுவரைப் பற்றிக் கேட்டால் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் கடனையும் குடும்பச் சண்டையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது புறமாகும்.

இனி எதிர்ப்பக்கம். கணவரை இழந்த ஒரு தாய், மகளின் திருமணத்துக்காகவோ கடனுக்காகவோ தமக்கென்றிருந்த ஒரே வீட்டை விற்க முன்வருகிறார். மேஸ்திரி வந்து கூரையில் கசிவு இருக்கிறது என்று கூறினால் விலையில் ஒரு பெருந்தொகை குறையும். உள்ளம் இரங்காதா? இரங்கும், இரங்கவும் வேண்டும். ஆனால் அவர்மீது இரக்கம் காட்டுவதற்குரிய செலவை, விவரம் அறியாத மற்றொரு குடும்பத்தின் பையிலிருந்து எடுக்க நமக்கு உரிமை ஏது? உதவ விரும்புவோர் ஜகாத்திலிருந்தும் ஸதகாவிலிருந்தும் உதவட்டும். அதே சமயம், இந்தத் தாயை நினைத்தால் பரிசோதகர் செய்யக்கூடிய மற்றொரு பாவமும் நமக்குப் புலப்படும். வாங்குபவர் தரப்பில் வந்தவர், வராந்தாவிலிருந்தே தலையை ஆட்டி, உள்ளதை ஊதிப் பெருக்கி, பூச்சுக் கீறலை அடித்தள வெடிப்பென்று மிரட்டி விலையை அடித்துத் தள்ளுவது நம் ஊரில் அரிதன்று. ஷுஐபு நபி (அலை) அவர்கள் மத்யன் மக்களைக் கண்டித்ததாகத் திருமறை கூறுவது அளவையிலும் நிறுவையிலும் குறைப்பதை மட்டுமன்று. மக்களின் பொருள்களை மதிப்புக் குறைத்து நட்டப்படுத்துவதையும் சேர்த்தே. குறையை மறைப்பவன் வாங்குபவரைத் திருடுகிறான். குறையைக் கூட்டிச் சொல்பவன் விற்பவரைத் திருடுகிறான். பின்னவனுக்குக் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு!

அளவறிந்து கூறுவதற்கு ஃபிக்ஹு நூல்கள் அரிய துணையாகும். வீட்டுக் குறையைப் பொறுத்தவரை மாலிக்கீ மத்ஹபினர் மற்றப் பொருள்களைப் போலன்றித் தனியாக மூன்று படி வகுத்தார்கள். அற்பமான குறைக்கு ஒன்றுமில்லை. சுவரில் விரிசல் உண்டு, ஆனால் இடியும் என்ற அச்சம் இல்லையென்றால், விற்பனை நிற்கும். குறைந்த மதிப்பை வாங்கியவர் திரும்பப் பெறுவார். வீடே விழுமோ என்ற அச்சம் இருந்தால் விற்பனையையே முறிக்கலாம். ஆக, விரிசலைக் கண்டால் போதாது. அது எந்த விரிசல் என்று சொல்லவும் ஆள் வேண்டும். அதனால்தான் துனீஸ் நகரில், கிறிஸ்து ஆண்டு பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், காழிகள் கட்டட வழக்குகளில் தேர்ந்த கொத்தனாரை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார்கள். அவ்வாறு சென்ற கொத்தனார்களுள் ஒருவரான இப்னுர் ராமீ, தாம் கண்டவற்றையும் சட்டத்தையும் இணைத்து 'அல்-இஃலான் பி அஹ்காமில் புன்யான்' என்னும் கிதாபையே எழுதினார். சாந்து பூசிய கை எழுதிய சட்டநூல் அது. கொத்தனார் என்றால் கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று இன்று நாம் கருதுவதை அவர் கண்டால் நகைப்பார்.

ஷாஃபிஈ மத்ஹபில், இது குறைதானா என்று விற்பவரும் வாங்குபவரும் பிணங்கினால் துறையறிந்தவரின் கூற்றே முடிவு செய்யும். ஒருவர் கூறினால் போதும் என்பர் இமாம் பகவீ (ரஹ்). இருவரின் சாட்சியம் வேண்டும் என்பர் இமாம் முதவல்லீ (ரஹ்). எவ்வாறாயினும் பரிசோதகர் சாட்சியின் இடத்தில் நிற்கிறார். சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளமே பாவத்துக்குள்ளாகிறது என்ற திருமறையின் எச்சரிக்கை, கடன் பத்திரத்தில் கையொப்பமிடுபவருக்கு மட்டும் உரியதன்று.

ஹனஃபீ நூலான ஹிதாயாவில் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கும் சட்டம் ஒன்றுண்டு. ஒருவரின் சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை இடிக்கும்படி சாட்சிகள் முன்னிலையில் அவருக்கு எச்சரிக்கை செய்தாயிற்று. இடிக்க அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. சுவர் விழுந்து ஒருவர் மாண்டால் ஈடு கொடுக்க வேண்டிய பொறுப்பு உண்டு. ஆனால் எச்சரிக்கைக்குப் பின் அவர் வீட்டை விற்றுக் கையளித்துவிட்டால், அவர் பொறுப்பு நீங்கிவிடுகிறது; இடிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லையன்றோ. வாங்கியவருக்கும் பொறுப்பில்லை, அவரை எவரும் எச்சரிக்கவில்லை. சட்டத்தின் தருக்கம் குற்றமற்றது. எனினும் விளைவைப் பாருங்கள்: விற்பனை என்னும் ஒரு செயலால் எச்சரிக்கை காற்றில் கரைந்துவிட்டது, சுவர் மட்டும் அப்படியே சாய்ந்து நிற்கிறது. அந்தக் கரைந்த எச்சரிக்கையைப் புதியவரின் காதில் மீண்டும் சொல்லக்கூடியவர் யார்? பழைய சாட்சிகள் சொல்லலாம். அண்டை வீட்டார் சொல்லலாம். எல்லாருக்கும் முன்பாக, சுவரைப் பார்க்கவென்றே வந்த மூன்றாமவர் சொல்ல வேண்டும். தீர்ப்பு மன்றத்தில் தப்பியவர் மறுமை மன்றத்திலும் தப்பினார் என்று அந்த இமாம்கள் கூறவில்லை.

பத்திரங்களில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக்கொண்டு எல்லாக் குறைக்கும் கை கழுவும் வழக்கமும் இதைப் போன்றதே. ஹனஃபீகள் அந்த நிபந்தனையை ஏற்பர். ஷாஃபிஈகளிடம் வீட்டு விற்பனையில் அது செல்லாது. கள்ளக்குறிச்சிக்காரர் ஒருவரும் காயல்பட்டினத்தார் ஒருவரும் அமர்ந்து பேசினால் சுவையான விவாதம் நடக்கும். அறிந்தே மறைப்பதை ஆகுமாக்க எம்மத்ஹபும் முன்வரவில்லை.

கூலி யார் தருகிறார் என்பது இச்சிக்கலின் நடுமுடிச்சு. இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வீட்டுக்குக் கடன் கொடுக்கும் சங்கம் மதிப்பீட்டாளரை அமர்த்தியது. கட்டணம் செலுத்தியவரோ வாங்கிய பெண்மணி. புகைபோக்கியைத் தாங்கி நின்ற கீழ்ப்பகுதியை முன்பே யாரோ அகற்றியிருந்ததை மதிப்பீட்டாளர் கண்டார். மேற்பகுதிக்குத் தாங்கல் இருக்கிறதா என்று ஏறிப் பார்க்கவில்லை. பெரிய பழுது ஏதுமில்லை என்று அறிக்கை எழுதினார். ஒன்றரை ஆண்டில் அது கூரையைப் பிளந்துகொண்டு படுக்கையறையில் விழுந்தது. அறிக்கைக்குத் தாம் பொறுப்பல்ல என்ற வாசகம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. 1989இல் பிரபுக்கள் சபை அந்த வாசகத்தைச் செல்லாதென்று ஒதுக்கி, அறிக்கையை நம்பி வீடு வாங்குபவர் அப்பெண்மணிதான் என்பது அவருக்குத் தெரியுமாதலால் அவருக்கே அவர் கடமைப்பட்டவர் என்று தீர்த்தது. நம் நாட்டு வங்கி மதிப்பீட்டாளரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கட்டணம் கடன் வாங்குபவரிடமிருந்து போகிறது. அறிக்கை வங்கிக்குப் போகிறது. கொடுத்த கடன் திரும்புமா என்பது வங்கியின் கவலை. கூரை நிற்குமா என்பது குடும்பத்தின் கவலை. வங்கியே கடன் கொடுத்துவிட்டது, வீடு நன்றாகத்தான் இருக்கும் என்று நம்மவர் எண்ணுவது பெரும் ஏமாற்றம். அனுமதிக் காகிதமும் அப்படித்தான். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று இடிந்து 61 உயிர்களைக் குடித்த பதினோரு மாடிக் கட்டடம் திட்ட அனுமதி பெற்றே எழுந்தது.

தரகர் மூலமாக வரும் மேஸ்திரியின் நிலை இன்னும் மோசம். விற்பனை முடிந்தால் தரகருக்குக் கமிஷன். அதில் மேஸ்திரிக்கும் ஒரு பங்கு. பத்திரம் பதிவானால்தான் காசு என்னும்போது விரிசலைக் காணும் கண் எங்கிருந்து வரும்? ஃபிக்ஹில் இஜாரா வேறு, ஜுஆலா வேறு. முன்னது செய்த வேலைக்குக் கூலி. பின்னது விரும்பிய பலன் கிடைத்தால் வெகுமதி. தொலைந்த ஒட்டகத்தைத் தேடித் தருபவனுக்கு ஜுஆலா பொருந்தும். வீட்டைப் பார்த்துச் சொல்பவருக்கு இஜாராவே பொருந்தும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்ததற்குக் கூலி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விற்பவர் தரப்புத் தரகர் இன்ன பரிசோதகரை வைத்துக்கொள்ளுங்கள் என்று வாங்குபவருக்குச் சுட்டிக்காட்டலாகாதென்று சட்டமே செய்திருக்கிறார்கள். தரகர் பரிந்துரையால் பிழைப்பவர் தரகரின் வியாபாரத்தைக் கெடுக்கமாட்டார் என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

குறை சுவரில் மட்டும் இருப்பதுமில்லை. கோமுகியும் மணிமுத்தாறும் பிறக்கும் கல்வராயன் மலையில், வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கங்களில், குளிர்ச்சிக்காக ஒரு துண்டு நிலம் வாங்கிச் சிறு வீடு போட ஆசைப்படுவோர் சமவெளியில் பெருகி வருகிறார்கள். அங்கே தலைமுறைகளாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடி மக்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி வழங்கப்படும் உரிமை, பிள்ளைகளுக்கு இறங்கும். ஆனால் பிறருக்கு விற்கவோ மாற்றவோ முடியாது. அத்தகைய நிலத்தை ஒரு வெற்றுத்தாளில் எழுதி வாங்கி, அதன்மேல் எழுப்பிய வீட்டைப் பார்வையிடப் போகிறவர், சுவர் நேராயிருக்கிறது, தளம் உறுதியாயிருக்கிறது என்று மட்டும் சொல்லித் திரும்பலாமா? சுவரைப் பற்றித்தானே கேட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். குளம்பின் புண்ணைப் பற்றி வாஸிலாவை எவரும் கேட்கவில்லை. இங்கே இழப்பு வாங்குபவரோடு நிற்பதுமில்லை. அற்பத் தொகைக்கு நிலத்தைக் கைவிட்ட மலைவாசிக் குடும்பமும் இழக்கிறது. தாம் அறிந்த துறைக்கு வெளியே என்றால், இந்தக் காகிதத்தை அறிந்தவரிடம் காட்டுங்கள் என்ற ஒரு சொல்லேனும் கடனாகும். அறியாததை அறிந்ததுபோல் கூறுவதும் தப்பாது. மருத்துவம் கல்லாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைத்தவனைப் பொறுப்பாளியாக்கும் ஹதீஸை நம் ஃபுகஹாக்கள் பிற தொழில்களுக்கும் பொருத்தியே பேசியிருக்கிறார்கள்.

நம் ஜமாஅத்துகள் நிக்காஹ் தஃப்தரை ஒழுங்காக வைத்திருக்கின்றன. மையவாடிக்கும் கணக்கு வைத்திருக்கின்றன. ஊரில் நேர்மையென்று பெயரெடுத்த கொத்தனார் இருவரையும் பொறியாளர் ஒருவரையும் குறித்து வைத்து, வீடு வாங்குவோரும் விற்போரும் அவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்வது பெரிய காரியமன்று. கூலியை முன்கூட்டியே ஜமாஅத்தில் கட்டிவிட்டால், அது இரு தரப்பில் எவர் கையாலும் தரப்பட்டதாக இராது. விலை பேசும் முன்னரே பார்வை நடக்க வேண்டும். கண்டது, காண இயலாதது, மேலும் தோண்டிப் பார்த்தாலன்றிச் சொல்ல முடியாதது என மூன்றையும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும். அதன் ஒரு படி விற்பவர் கையிலும் போக வேண்டும். கூரையைப் பழுதுபார்த்து விற்பதா, குறைத்து விற்பதா என்பதை அந்தத் தாய் தம் பிள்ளைகளோடு கலந்து முடிவு செய்துகொள்ளட்டும்.